கப்பல் நிற்கும் ஊர் எல்லாம் துறைமுக நகரமா?

துறைமுக நகரம் என்றால் என்ன என்று வகுப்பில் கேட்டால், ‘கப்பல் வந்து நிற்கும் ஊர்’ என்று மாணவர்கள் உடனே சொல்வார்கள். அது பாதி விடைதான். மீதிப் பாதியைப் புரியவைக்க நான் தூத்துக்குடியை எடுத்துக்கொள்கிறேன்.

இயற்கை தருவதும் மனிதர் கட்டுவதும்

மன்னார் வளைகுடாவின் சிறு தீவுகள் தூத்துக்குடிக் கடற்கரையை அலைவேகத்திலிருந்து ஓரளவு காக்கின்றன. ஆனால் கரையோரக் கடல் ஆழம் குறைந்தது. முற்காலத்தில் பெரிய கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிட, தோணிகளில்தான் சரக்கு கரை சேர்ந்தது. பின்னர் கடலுக்குள் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளும் இரண்டு அலைதடுப்புச் சுவர்களைக் கட்டி, ஆழ்கடல் துறைமுகம் உருவாக்கப்பட்டது. 1974இல் அது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. இயற்கைத் துறைமுகம், செயற்கைத் துறைமுகம் என்ற வேறுபாட்டை இங்கேயே விளக்கிவிடலாம்.

பின்னிலம்

ஒரு துறைமுகத்துக்குச் சரக்கை அனுப்பி, அங்கிருந்து சரக்கைப் பெறும் உள்நாட்டுப் பகுதியே அதன் பின்னிலம். கோவில்பட்டிக் கரிசலின் பருத்தி, சிவகாசித் தீப்பெட்டி, திருப்பூர்ப் பின்னலாடை ஆகியவை தூத்துக்குடியை நோக்கி வந்தன. அனல்மின் நிலையத்துக்கான நிலக்கரி கடல்வழியே வந்து இறங்குகிறது. இரயிலும் சாலையும் இல்லாவிட்டால் இவை எதுவும் நடக்காது. துறைமுகம் கடலுக்கும் நிலத்துக்கும் இடையே உள்ள வாசல்.

நகரத்தின் பணிகள்

ஏற்றுமதி, இறக்குமதியோடு கிடங்குகள், சுங்க அலுவலகம், வங்கிகள், கப்பல் முகவர்கள், பழுதுபார்க்கும் பட்டறைகள் என வேலைகள் பெருகுகின்றன. மீன்பிடித்தலும் உப்பளத் தொழிலும் உடன் வளர்கின்றன. மக்களும் மொழிகளும் கலக்கின்றன. போர்ச்சுக்கீசியர் நம் கடற்கரைக்கு வந்ததன் சுவடுகள் சாவி, ஜன்னல், அலமாரி, மேசை ஆகிய சொற்களில் இருக்கின்றன. இதைச் சொன்னதும் மாணவர்கள் வகுப்பறையைச் சுற்றிப் பார்ப்பார்கள்! துறைமுகம் அரசியல் களமாகவும் ஆகும். வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியது இந்த ஊரில்தான்.

கடல் விலகினால்?

பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை, தூத்துக்குடிக்குத் தெற்கே உள்ளது. தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் படிந்து கடல் விலக, துறைமுகப் பெருமை காயலுக்குச் சென்றது. மார்க்கோ போலோ குறிப்பிட்ட காயலும் பின்னர் அதே நிலையை அடைந்தது. இன்று கொற்கை கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே அமைந்த சிற்றூர். ஆழம், பின்னிலம், போக்குவரத்து ஆகிய மூன்றில் ஒன்று குறைந்தாலும் நகரத்தின் பிழைப்பு ஆட்டம் காணும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வகுப்பறைச் செயல்பாடு

தமிழ்நாடு வரைபடத்தில் தூத்துக்குடியைக் குறித்து, மேற்கண்ட ஊர்களிலிருந்து அதற்குக் கோடுகள் வரையச் செய்யுங்கள். பிறகு, “துறைமுகம் ஒரு மாதம் மூடப்பட்டால் யார் யாருக்கு வேலை போகும்?” என்று கேளுங்கள். சுமை தூக்குவோர், லாரி ஓட்டுநர் என்று தொடங்கும் பட்டியல் திருப்பூர்த் தையல் தொழிலாளி வரை நீளும். பின்னிலம் என்ற சொல்லுக்கு அதன்பின் பொருள் எழுதிப்போட வேண்டியிருக்காது.