கூட்டாட்சியும் அதிகார வரம்பும்

அரசுக்கு அதிகாரம் வழங்குவதும், அவ்வதிகாரம் எங்கு முடிகிறது என வரையறுப்பதும் அரசமைப்புச் சட்டத்தின் இரு பணிகளாகும். இவற்றுள் இரண்டாவது கடினமானது. 1950ஆம் ஆண்டு சனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்புச் சட்டத்தின் வரலாறு இதனைத் தெளிவுறுத்துகிறது.

இந்தியா மாநிலங்களின் ஒன்றியம் என்று அச்சட்டத்தின் முதற்பிரிவு கூறுகிறது. சட்டமியற்றும் அதிகாரத்தை ஏழாவது அட்டவணை மூன்று பட்டியல்களாகப் பகுத்துள்ளது. பாதுகாப்பு, அயலுறவு, நாணயம் முதலியவை ஒன்றியப் பட்டியலிலும், காவல், வேளாண்மை முதலியவை மாநிலப் பட்டியலிலும் இடம்பெற்றுள்ளன. இரு அரசுகளும் சட்டமியற்றத்தக்க பொருள்கள் பொதுப் பட்டியலில் உள்ளன. முதலில் மாநிலப் பட்டியலில் இருந்த கல்வி, 1976இல் 42ஆவது திருத்தத்தின்வழிப் பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. பொதுப் பட்டியலில் உள்ள ஒரு பொருள் குறித்து இருவர் சட்டங்களும் முரண்படின், பொதுவாக ஒன்றியத்தின் சட்டமே நிலைபெறும். எப்பட்டியலிலும் அடங்காத எஞ்சிய அதிகாரங்களும் ஒன்றியத்திற்கே உரியவை.

இவ்வாறு ஒன்றியம் வலிமை மிக்கதாக அமைந்தாலும் அதற்கு வரம்பு உண்டு. இப்பட்டியல்களைத் திருத்த வேண்டுமெனில் நாடாளுமன்றத்தின் சிறப்புப் பெரும்பான்மை மட்டும் போதாது. குறைந்தது பாதி மாநிலங்களின் சட்டமன்றங்களும் அதற்கு ஒப்புதல் அளித்தல் வேண்டும். ஒன்றியத்திற்கும் மாநிலத்திற்கும் இடையே எழும் வழக்குகளை உச்ச நீதிமன்றம் நேரடியாக விசாரிக்கும்.

இவ்வரம்புக்குப் பெருஞ்சோதனையாக அமைந்தது 356ஆம் பிரிவு. ஒரு மாநிலத்தின் ஆட்சியை அரசமைப்பின்படி நடத்த இயலாத நிலை ஏற்பட்டதாகக் குடியரசுத் தலைவர் கருதினால், அம்மாநில நிருவாகத்தை அவர் ஏற்கலாம். இவ்வறிவிப்பு இரண்டு மாதங்களுக்குள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளின் ஒப்புதலைப் பெற வேண்டும். இப்பிரிவு பயன்படுத்தப்படாமலே இருந்துவிடும் என்ற நம்பிக்கையை அண்ணல் அம்பேத்கர் அரசமைப்பு அவையில் வெளியிட்டார்.

நடந்தது வேறு. 1959இல் கேரளத்தில் பெரும்பான்மை பெற்றிருந்த அரசு நீக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 1976இலும் 1991இலும் அமைச்சரவைகள் நீக்கப்பட்டன. 1977இல் ஒன்பது மாநிலச் சட்டமன்றங்கள் கலைக்கப்பட்டன. ஒன்றியத்தில் ஆட்சி மாறிய பின்னர் 1980இலும் ஒன்பது சட்டமன்றங்கள் கலைக்கப்பட்டன. எக்கட்சி ஆண்டாலும் இவ்வதிகாரம் பயன்படுத்தப்பட்டது என்பதை இவை காட்டுகின்றன. மக்கள் வாக்களித்து அமைத்த அரசை ஓர் அறிவிப்பு அகற்றும்போது, அம்மக்களின் வாக்குகளும் பயனற்றுப் போகின்றன.

1989இல் கருநாடக முதலமைச்சர் எஸ்.ஆர். பொம்மை பெரும்பான்மையை இழந்துவிட்டதாக ஆளுநர் அறிக்கை அனுப்பினார். சட்டமன்றத்தில் தம் வலிமையை மெய்ப்பிக்கத் தாம் அணியமாக இருப்பதாகப் பொம்மை கூறியும் வாய்ப்பு அளிக்கப்படாமல் அவரது அரசு நீக்கப்பட்டது. இவ்வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு 1994ஆம் ஆண்டு மார்ச் 11 அன்று தீர்ப்பு வழங்கியது.

ஓர் அரசுக்குப் பெரும்பான்மை உண்டா என்பதை அறியும் இடம் சட்டமன்றமே. ஆளுநர் மாளிகை அன்று. நாடாளுமன்றம் ஒப்புதல் அளிக்கும்வரை சட்டமன்றத்தைக் கலைத்தல் கூடாது. குடியரசுத் தலைவரின் அறிவிப்புக்கு அடிப்படையான சான்றுகளை நீதிமன்றம் ஆராயலாம். அறிவிப்பு செல்லாததாயின் நீக்கப்பட்ட அரசை மீண்டும் அமர்த்தலாம். இவையே அத்தீர்ப்பு வகுத்த நெறிகள். கருநாடகத்தில் பிறப்பிக்கப்பட்ட அறிவிப்பு செல்லாது என்று தீர்ப்பு உரைத்தது. ஆயினும் அதற்குள் புதிய தேர்தல் நடந்து முடிந்திருந்ததால் பொம்மையின் அரசு மீளவில்லை.

அவருக்குக் கிட்டாத பயன் பின்வந்தோருக்குக் கிட்டியது. 356ஆம் பிரிவின் பயன்பாடு குறைந்தது. 2016இல் அருணாச்சலப் பிரதேசத்தில் பதவியிழந்த அரசை உச்ச நீதிமன்றம் மீண்டும் அமர்த்தியது. 356ஆம் பிரிவின் சொற்கள் 1959இல் தந்த அதே அதிகாரத்தை இன்றும் தருகின்றன; அதனைப் பயன்படுத்துவோர் காரணம் காட்டியாக வேண்டும் என்பதே 1994க்குப் பின் நேர்ந்த மாற்றம். எழுதப்பட்ட வரம்பு, அதனை மீறுவோரைக் கேள்வி கேட்கும் நீதிமன்றமும் விழிப்புள்ள மக்களும் இருக்கும்போதே உயிர்பெறுகிறது.