தாய்ப் பறவை கொணர்ந்த இரை

புகைப்படக் கலை என்றதும், அதில் நமக்கென்ன அலுவல் என்று ஒதுங்குவோர் நம்மிடையே உளர். உருவப் படங்கள் குறித்து மார்க்க அறிஞர்களிடையே நிலவும் கருத்து வேறுபாடுகளுக்குள் நான் இங்கு நுழையப் போவதில்லை. ஒரு படவரிசை என்ன சொல்கிறது என்பதை மட்டும் கேளுங்கள்.

பசிபிக் பெருங்கடலில், ஹொனலுலு நகரிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால், மிட்வே என்னும் பவளத் தீவுத்திட்டு உள்ளது. 1942இல் அமெரிக்காவும் ஜப்பானும் கடற்போர் நிகழ்த்திய அவ்விடம், இப்போது இலட்சக்கணக்கான ஆல்பட்ராஸ் பறவைகளின் புகலிடம். வழக்கறிஞர் தொழிலைத் துறந்து கலைக்கு வந்த கிறிஸ் ஜோர்டான் என்னும் அமெரிக்கர், 2009இல் அங்குச் சென்று மடிந்து கிடந்த குஞ்சுகளைப் படமெடுத்தார். மக்கிய சிறகுகள், வெளுத்த எலும்புகள்; இரைப்பை இருந்த இடத்திலோ பாட்டில் மூடிகள், சிகரெட் லைட்டர்கள், பிளாஸ்டிக் துண்டுகள். உடல் மண்ணாகிவிட்டது, மூடியின் சிவப்பும் நீலமும் மங்கவில்லை. ஒரு துண்டைக்கூடத் தாம் இடம் மாற்றி வைக்கவில்லை என்கிறார் அவர்.

மனிதர் குடியிருப்பே அரிதான தீவில், குஞ்சின் வயிற்றுக்குள் இவை எவ்வாறு சென்றன? பெற்ற தாயும் தந்தையுமே ஊட்டின! இவ்வினம் ஆண்டுக்கு ஒரு முட்டைக்கு மேல் இடுவதில்லை. அந்த ஒற்றைக் குஞ்சுக்காக இரண்டும் நெடுந்தொலைவு பறந்து, ஊசிக்கணவாயையும் பறக்கும் மீனின் முட்டைகளையும் விழுங்கி வந்து, அதன் வாயில் கக்கி ஊட்டுகின்றன. பறக்கும் மீனோ மிதக்கும் பொருள்களில் முட்டையை ஒட்டவைக்கும். கட்டையும் கடற்பாசியும் மிதந்த கடலில் இன்று பிளாஸ்டிக்கும் சேர்ந்து மிதக்கிறது. பறவை வழி தவறவில்லை. இறைவன் கற்பித்தவாறே இரை தேடியது. அமானிதமாகப் பெற்ற கடலை மாற்றிவிட்டவர்கள் நாம்.

ஒன்றையும் மறைக்கலாகாது. மடிந்த குஞ்சுகள் அனைத்தும் பிளாஸ்டிக்கால்தான் மடிந்தன என்பது நேர்மையன்று; பசியும் நீரிழப்பும் உண்டு. செரிக்காதவற்றைக் கக்கிவிடும் இயல்பும் அவற்றுக்கு உண்டு. ஆயினும் கணவாயின் அலகைக் கக்குவதற்கென அமைந்த வயிறு, லைட்டரை என் செய்யும்?

இதே கலைஞர் 2007இல் வேறொரு படம் அமைத்தார். தொலைவில் நின்றால் வெறும் நிறப்பரப்பு; நெருங்கினால் இருபது இலட்சம் பிளாஸ்டிக் பாட்டில்கள். அமெரிக்காவில் அன்று 5 நிமிடங்களில் பயன்பட்டவை! அமெரிக்காவைப் பழித்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். நம் நிக்காஹ் விருந்துகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். சஹனைச் சுற்றி அமர்ந்து, செம்பில் நீர் வார்த்துப் பருகிய வழக்கம் எங்கே? இரண்டு மிடறு பருகி, மீதியோடு எறியப்படும் பாட்டில்கள் எத்தனை? வீண் விரயம் பற்றி மேடையில் பயான் நடக்கும்போதே பந்தலின் பின்புறம் அவை குவிந்துகொண்டிருக்கும்.

மிட்வேயில் 1956ஆம் ஆண்டு ஒரு பெண் ஆல்பட்ராஸின் காலில் அடையாள வளையம் பூட்டினர். விஸ்டம் என்று பெயரிடப்பட்ட அப்பறவை, பிளாஸ்டிக் மூடிகள் பெருகாத கடலில் இரை தேடப் பழகியது. 2024இன் இறுதியில், எழுபது வயதைக் கடந்த நிலையில், அது அத்தீவுக்குத் திரும்பி மீண்டும் ஒரு முட்டையிட்டது.