கௌரவமும் கட்டணமும்

அமெரிக்கக் கல்லூரியொன்றில் முதலாண்டை நல்ல மதிப்பெண்களோடு முடிக்கும் மாணவனுக்குப் பொன்முத்திரை பொறித்த கடிதம் ஒன்று வந்து சேர்வது இப்போது அநேகமாக வழக்கமாகிவிட்டது. சிறந்த மாணவர்களுள் ஒருவராகத் தாங்கள் தெரிவு செய்யப்பட்டிருக்கிறீர்கள் என்று முதற்பத்தி வாழ்த்தும். அங்கத்தினர் கட்டணம் இத்தனை டாலர், இன்ன தேதிக்குள் செலுத்த வேண்டும் என்று அடுத்த பத்தி சொல்லும். சான்றிதழ் மட்டுமானால் ஒரு தொகை, சட்டையில் குத்திக்கொள்ளும் சின்னமும் பட்டமளிப்பு அங்கியின்மேல் அணியும் வண்ணக் கயிறும் சேர்ந்தால் வேறொரு தொகை என்று கீழே அட்டவணையும் இருக்கும். 'ஹானர் சொசைட்டி' என்று அங்கே வழங்கும் இந்தக் கௌரவச் சங்கங்கள் கேட்கும் பணம் நியாயமானதா என்பது, அந்த மாணவனுக்கும், கல்விக் கடன் வாங்கிப் பிள்ளையை அனுப்பிவிட்டு இங்கே வட்டி கட்டிக்கொண்டிருக்கும் நம் பெற்றோருக்கும் அற்பமான கேள்வியன்று.

இந்த ஸ்தாபனங்களின் பூர்வீகம் மரியாதைக்குரியது. அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்த அதே 1776-ஆம் ஆண்டின் டிசம்பர் 5-ஆம் தேதி, வர்ஜீனியாவிலுள்ள வில்லியம் அண்டு மேரி கல்லூரியின் மாணவர் சிலர் கூடி அமைத்த ஃபை பீட்டா கப்பாவே இவற்றுள் ஆதியானது. பொறியியல் மாணவர்க்கான டாவ் பீட்டா பை 1885-இலும், எல்லாத் துறையினர்க்கும் உரிய ஃபை கப்பா ஃபை 1897-இலும் தோன்றின. ஃபை பீட்டா கப்பாவில் சேர விரும்பி எவரும் விண்ணப்பம் போட இயலாது. அந்தந்தக் கல்லூரிக் கிளையைச் சேர்ந்தவர்களே மாணவனுடைய படிப்பின் ஆழத்தையும் விரிவையும் ஆராய்ந்து தெரிவு செய்கிறார்கள். ஒருவன் பயின்ற இடத்திலேயே இருந்து அவனுடைய கல்வியை எடைபோட்டவர்கள் அவனைத் தகுதியுடையவன் என்று சொல்வதற்கும், மதிப்பெண் எல்லை ஒன்றை வகுத்துக்கொண்டு முகமறியாத ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே கடிதத்தை அனுப்பும் அலுவலகம் சொல்வதற்கும் உள்ள தூரமே இந்த விஷயத்தின் உயிர்நிலை என்பது என் எண்ணம்.

சங்கம் என்றால் செலவு உண்டு. விழா, சான்றிதழ், காரியாலயம், உபகாரச் சம்பளம் ஆகிய எதுவும் வெறுங்கையால் நடப்பதில்லை. ஆகவே கட்டணம் கேட்பதே குற்றம் என்று எவரும் சொல்லமாட்டார். ஆனால் அங்கே மத்திய அரசு விதித்துள்ள குறைந்தபட்சக் கூலி 2009-ஆம் ஆண்டிலிருந்து மணிக்கு 7.25 டாலர், அந்தக் கூலிக்கு வேலை செய்யும் மாணவன் 90 டாலர் செலுத்த வேண்டுமானால் 12 மணி நேரத்துக்கும் மேல் உழைத்தாக வேண்டும். உயர்நிலைப் பள்ளிகளுக்காக 1921-இல் தலைமையாசிரியர் சங்கத்தார் நிறுவிய நேஷனல் ஹானர் சொசைட்டி, ஒரு மாணவனிடம் ஆண்டுக்கு 20 டாலருக்கு மேல் வாங்கலாகாது என்று தன் விதிகளிலேயே எல்லை கட்டியிருப்பது, மற்றச் சங்கங்களும் பின்பற்றத் தக்க விவேகம்.

இனி, அந்தப் பணத்துக்கு ஈடாகக் கிடைப்பது யாது? ரெஸ்யூமேயில் ஒரு வரி என்பார்கள். திட்டவட்டமாகச் சொல்லக்கூடிய பிரயோஜனம் ஒன்று உண்டு: 1925-இல் அமைந்த கல்லூரிக் கௌரவச் சங்கங்களின் கூட்டமைப்பு அங்கீகரித்த தேசிய சங்கத்தில் அங்கத்தினராயிருந்தால், இளநிலைப் பட்டதாரி ஒருவர் அமெரிக்க மத்திய அரசின் பல உத்தியோகங்களில் ஜி.எஸ். என்னும் சம்பள வரிசையின் 5-ஆம் படிக்குப் பதிலாக 7-ஆம் படியிலேயே சேரத் தகுதி பெறுவார். ஆனால் முதலாண்டு மாணவர் சங்கங்களுக்கு இச்சலுகை இல்லை, மேலும், மொத்த மதிப்பெண் சராசரி (ஜி.பி.ஏ.) 3.0 இருந்தாலோ, வகுப்பில் மேல் மூன்றிலொரு பங்கினருள் இருந்தாலோ, காசு செலவின்றி அதே தகுதி வந்துவிடுகிறது. நம் ஊரிலிருந்து விசாவில் சென்றவர்களுக்கோ, அந்த உத்தியோகங்கள் பெரும்பாலும் குடிமக்களுக்கே உரியவையாதலால், இந்த லாபமும் எட்டாது.

கணக்கைக் காட்டத் தயங்காத சங்கத்தை நம்பலாம். லாப நோக்கற்ற ஸ்தாபனங்களுள் பெரும்பாலானவை அங்கே வருமான வரி இலாகாவுக்கு ஆண்டுதோறும் படிவம் 990 சமர்ப்பிக்க வேண்டும். அது பொதுமக்கள் பார்வைக்கு உரியது. நிர்வாகிகளின் சம்பளம் எவ்வளவு, மாணவர்களுக்கு வழங்கிய உதவித்தொகை எவ்வளவு என்பதை அதில் பார்த்துவிடலாம். உதவித்தொகை சொற்பமாகவும் விளம்பரச் செலவு பெரிதாகவும் இருக்குமாயின், மாணவனுடைய பணம் அடுத்த மாணவனுக்குக் கடிதம் அனுப்புவதற்கே பயன்படுகிறது என்று அறிந்துகொள்ளலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமான சோதனை, பணம் இல்லாத மாணவனை அந்தச் சங்கம் எவ்வாறு நடத்துகிறது என்பது. தகுதி இருந்தும் கட்டணம் கட்ட வழியில்லாதவனுக்கு அதைத் தள்ளுபடி செய்தோ, கிளையின் நிதியிலிருந்து ஈடுகட்டியோ சேர்த்துக்கொள்ளும் சங்கம் கேட்பது நியாயமான கட்டணம். தேதி கடந்ததும் அவன் பெயரை நீக்கிவிடும் சங்கம் கேட்பது, தொகை எவ்வளவு சிறிதானாலும், கௌரவத்துக்கு வைத்த விலை.

ஆகையால், இத்தகைய கடிதம் வரப்பெற்ற மாணவர்கள் பணம் அனுப்புமுன் அதைத் தங்கள் துறைப் பேராசிரியரிடம் ஒருமுறை காட்ட வேண்டும். அந்தச் சங்கத்துக்குத் தங்கள் கல்லூரியில் கிளை உண்டா, ஆசிரியர் எவரேனும் அதற்குப் பொறுப்பேற்றிருக்கிறாரா என்று கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் அந்தப் பணத்தைப் புத்தகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.