கையெழுத்துக்கு முன் சில நிமிடங்கள்

புது தில்லி: உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் கையெழுத்திட்டால்தான், பழுது பார்க்கப்பட்ட விமானம் மீண்டும் பறக்க முடியும். அந்தக் கையெழுத்து பல நேரங்களில் நள்ளிரவுப் பணியில், காலைப் பயணத்துக்கான நேரம் நெருங்கும்போது இடப்படுகிறது. அவசரமும் அசதியும் சேரும் வேளை அது.

1990 ஜூன் 10-ல் பிரிட்டனின் பர்மிங்ஹாமிலிருந்து கிளம்பிய விமானத்தின் முன்கண்ணாடி நடுவானில் பெயர்ந்து பறந்தது. தலைமை விமானியின் பாதி உடல் வெளியே இழுக்கப்பட்டது. எனினும் அவர் உயிர் பிழைத்தார். ஆள் குறைவாக இருந்த இரவுப் பணியில், மேற்பார்வையாளரே முந்தைய நாள் அதிகாலை அக்கண்ணாடியை மாற்றியிருந்தார். பட்டியலைப் பாராமல் கண்மதிப்பில் தேர்ந்ததால், 90 திருகாணிகளில் 84 குறுக்களவில் சிறியவையாக இருந்தன.

இந்தியாவிலும் எச்சரிக்கை மணி ஒலித்துவிட்டது. 2025 ஜூனில் தில்லி, மும்பை உள்ளிட்ட விமான நிலையங்களில் விமானப் போக்குவரத்து தலைமை இயக்குநரகம் (டிஜிசிஏ) ஆய்வு நடத்தியது. ஒரே பழுது திரும்பத் திரும்பத் தோன்றியதும், சில பழுதுகள் பதிவேட்டில் ஏறாததும், பராமரிப்பில் பணி ஆணை பின்பற்றப்படாததும் தெரியவந்தன.

கண்காணிப்போரின் நிலையும் கவலைக்குரியது. டிஜிசிஏவுக்கு அனுமதிக்கப்பட்ட 1,063 பணியிடங்களில் 553 மட்டுமே நிரம்பியிருந்ததை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு சுட்டிக்காட்டியது.

விபத்துக்குப் பின் பொறியாளரின் உரிமத்தை முடக்குவது எளிது. "இன்னும் நேரம் வேண்டும்" என்று விமானத்தை நிறுத்தி வைப்பவருக்கு என்ன பாதுகாப்பு? அமைச்சரிடம் உறுப்பினர்கள் எழுப்ப வேண்டிய கேள்வி இதுவே.