டூராண்டு கோடும் திருத்தணி எல்லையும்

ஆப்கானிஸ்தானத்தில் மன்னராட்சி மறைந்து குடியரசு வந்தது. அதை வீழ்த்திக் கம்யூனிஸ்டுகள் வந்தனர். பின்னர் முஜாஹிதீன்களும் தாலிபான்களும் வந்தனர். 2001-ல் விரட்டப்பட்ட தாலிபான்கள் 2021 ஆகஸ்டு 15-ந் தேதி மீண்டும் காபூலில் புகுந்தனர். இத்தனை மாறுதல்களிலும் மாறாத விஷயம் ஒன்றுண்டு. டூராண்டு கோட்டைப் பாகிஸ்தானுடன் தமக்குள்ள எல்லையென்று காபூல் சர்க்கார் எதுவும் ஒப்புக்கொண்டதில்லை.

இதன் காரணத்தைத் திருத்தணி வாசிகள் எளிதில் உணர்வர். 1953 அக்டோபர் முதல் தேதி ஆந்திர ராஜ்யம் உதித்தபோது, சித்தூர் ஜில்லாவோடு திருத்தணியும் அதிற் சேர்ந்தது. மலைமேல் முருகன் தமிழில் துதிக்கப்பட, மலையடியில் வாழும் ஜனங்களின் விருப்பத்தைக் கேட்பாரில்லை. ம. பொ. சிவஞானம், மங்கலங்கிழார் முதலியோர் கிளர்ச்சி செய்தனர். தொண்டர்கள் சிறை புகுந்தனர். பிறகு படாஸ்கர், கிராமத்தை அலகாகக் கொண்டு, எங்கே எம்மொழியினர் மிகுதி என்று ஆராய்ந்து தீர்ப்பளித்தார். 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தது. சத்தியவேடு ஆந்திரத்துக்குப் போயிற்று. திருப்பதி வரவில்லையே என்ற மனக்குறை பலருக்கு இன்றும் உண்டு. ஆயினும் நகரிச் சாலையில் துப்பாக்கிக் காவல் ஏதுமில்லை. ஆடிக் கிருத்திகைக்குத் தெலுங்கு பேசும் அன்பர்களும் காவடியோடு வந்த வண்ணமிருக்கின்றனர். ஒரே பார்லிமெண்டின் கீழ் இது சாத்தியமாயிற்று என்பது மெய்யே. இரு தேசங்களுக்கு நடுவில் அத்தகைய நடுவர் எங்கே?

டூராண்டு கோட்டின் கதை வேறு. 1893 நவம்பர் 12-ந் தேதி மார்ட்டிமர் டூராண்டு என்னும் ஆங்கிலேய அதிகாரி அமீர் அப்துர் ரஹ்மானிடம் கையொப்பம் பெற்றார். அமீருக்கு அளித்துவந்த வருஷ மானியம் 12 லட்ச ரூபாயிலிருந்து 18 லட்சமாயிற்று. ஒரே மொழியும் ஒரே குலமுறையும் கொண்ட பட்டாணியர் இரு கூறாயினர். 1947 ஜூலையில் எல்லைப்புற மாகாணத்தில் நடந்த வாக்கெடுப்பிலும், இந்தியாவா பாகிஸ்தானா என்றுதான் கேட்கப்பட்டதே ஒழிய, தனிப் பக்தூனிஸ்தானம் வேண்டுமா என்று கேட்கப்படவில்லை. கான் அப்துல் கபார் கானின் கட்சி அதைப் பகிஷ்கரித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் பாகிஸ்தானை ஐக்கிய நாடுகள் சபையில் சேர்ப்பதற்கு எதிராக வாக்களித்த ஒரே தேசம், முஸ்லிம் தேசமாகிய ஆப்கானிஸ்தானமே! மதம் ஒன்றாயிருந்தால் ராஜ்ய உறவும் ஒன்றாகிவிடும் என்போர் இதைச் சற்றுச் சிந்திப்பார்களாக.

1961-ல் இரு தேசங்களும் தூதுறவை முறித்துக்கொண்டன. எல்லைப் பாதைகள் அடைபட்டு ஆப்கானியப் பழ வியாபாரம் தத்தளித்தது. பக்தூன் பிரச்னையில் பிடிவாதம் காட்டிய பிரதமர் தாவூது 1963 மார்ச்சில் விலகினார். மே மாதத்தில் ஈரான் ஷாவின் மத்தியஸ்தத்தால் உறவு மீண்டது. திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் நமது ராஷ்டிரபதியாகக் காபூல் சென்றதும் அம்மாதத்தில்தான். 1973-ல் தாவூது மன்னரைத் தள்ளிவிட்டுத் திரும்பவும் அதிகாரத்துக்கு வந்தார். பக்தூன் கோஷமும் கூடவே வந்தது.

ஆகவே, காபூலில் யார் அமர்ந்தாலும் இஸ்லாமாபாத்தோடு பிணங்குவர். பிணங்கியவர் டில்லியை நோக்குவர். இந்த நட்புக்காக நாம் மௌனத்தை விலையாகக் கொடுக்கவேண்டிய அவசியமில்லை. 1979 டிசம்பரில் சோவியத் சேனை அங்கே புகுந்தபோது, அடுத்த மாதம் ஐக்கிய நாடுகள் சபையில் நமது பிரதிநிதி வாக்களியாது ஒதுங்கினார். அது நமக்குப் பெருமை தந்த காரியமன்று. சல்மா அணையும் 2015-ல் திறக்கப்பட்ட காபூல் பார்லிமெண்டு மாளிகையும் நமக்குச் சம்பாதித்துத் தந்த நல்லெண்ணமோ பெரிது.

2025 அக்டோபரில் தாலிபான் வெளிநாட்டு மந்திரி முத்தகி டில்லிக்கு வந்தார். காபூலில் நமது தூதரகம் மீண்டும் முழு அந்தஸ்துடன் இயங்கும் என்று சர்க்கார் அறிவித்தது. அதே மாதத்தில் டூராண்டு கோட்டில் பீரங்கி முழங்கியது. முத்தகியின் முதற் பத்திரிகைக் கூட்டத்தில் பெண் நிருபர்களுக்கு இடமில்லை. கண்டனம் எழுந்த பிறகே அடுத்த கூட்டத்துக்கு அவர்கள் அழைக்கப்பட்டனர். டில்லியில் எழுந்த குரலுக்கே இவ்வளவு பலன் உண்டென்றால், ஆறாம் வகுப்புக்குமேல் பள்ளி மறுக்கப்பட்ட ஆப்கானியச் சிறுமியருக்காக நமது சர்க்கார் முத்தகியிடம் என்ன கேட்டது, என்ன பதில் பெற்றது என்பதைப் பார்லிமெண்டு அங்கத்தினர்கள் வினவட்டும்.