நீலமாய் இருப்பதெல்லாம் நீலக்கல் அல்ல

நல்லதண்ணி, மஸ்கெலியாப் பக்கத்து ஓடைக்கரைகளில் பாத்தி வெட்டும்போதோ கிணறு தோண்டும்போதோ நீல நிறக் கல்லொன்று கண்ணில் படலாம். ஊர்விட்டு வந்து புதிய மண்ணில் வாழ்வைத் தொடங்கும் குடும்பத்துக்கு அது பெரும் நம்பிக்கையைத் தரும். ஆனால் அது விலைமதிப்புள்ள நீலக்கல்லாக இல்லாமல், 'கயனைட்' என்னும் வேறு கனிமமாகவும் இருக்கலாம். இரண்டையும் பற்றி அறிந்திருந்தால் வீணாக ஏமாற வேண்டியதில்லை.

கயனைட் எப்படி உண்டாகிறது?

களிமண் படிவுகள் பூமியின் ஆழத்தில் கடும் அமுக்கத்துக்கும் வெப்பத்துக்கும் உட்பட்டு உருமாறும்போது கயனைட் உண்டாகிறது. அதில் இருப்பவை அலுமினியம், சிலிக்கன், ஒட்சிசன் ஆகிய மூன்றே. ஒரே மாவு ஆவியில் இட்லியாகவும் கல்லில் தோசையாகவும் ஆவதுபோல, இதே மூன்றும் வெப்பம் மிகுந்தால் சில்லிமனைட் என்ற வேறு கனிமமாகின்றன. நமது மலைநாட்டுப் பாறைகளில் பெரும்பாலானவை இவ்வாறு உருமாறியவையே. நீலக்கல்லில் சிலிக்கன் இல்லை; அது அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்த குருந்தம்.

எப்படி இனங்காண்பது?

1. வடிவம்: கயனைட் தட்டையாக, நீண்ட பட்டைபோல் இருக்கும், ஏடு ஏடாகப் பிளக்கும். நீலக்கல் ஆறு பக்கங்களுடன், இரு முனைகளும் கூம்பியிருக்கும். ஓடையில் உருண்டு வந்த கல்லில் இவ்வடிவம் தேய்ந்திருக்கலாம்.

2. கடினம்: கயனைட்டின் ஓரத்தில் கத்தி முனையால் நீளவாக்கில் கீறினால் கோடு விழும், குறுக்கே கீறினால் விழாது. இதுவே அதன் விசேட குணம். நீலக்கல்லில் எந்தப் பக்கமும் விழாது. ஆனால் ஸ்பினல் போன்ற வேறு கற்களையும் கத்தி கீறாது. எனவே கத்தியை மட்டும் நம்பி முடிவுகட்ட வேண்டாம்.

பயன் என்ன?

கயனைட்டை 1,100 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கினால், கடும் வெப்பத்தைத் தாங்கும் 'முல்லைட்' ஆக மாறும். இரும்பு, கண்ணாடி உலைகளின் உட்சுவர்க் கற்கள் செய்ய இது உதவுகிறது. இந்தியாவின் ஜார்க்கண்ட் மாநிலத்திலுள்ள லாப்சா புரு இதற்குப் பெயர்பெற்ற இடம். எனினும் தொழிற்சாலைக்கு வேண்டியது தொன் கணக்கில். கைப்பிடியளவு கல்லுக்கு அங்கே விலையில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நிறம் மங்கிய, பால் போன்ற 'கவுட' கற்களை ஒருகாலத்தில் நம்மவர் மலிவாகக் கொடுத்தனர். 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அவற்றைச் சூளையிலிட்டு நல்ல நீலக்கற்களாக்கி விற்றனர். அறியாதவருக்கே நட்டம்.

ஆகவே, கல் கிடைத்தால் உடைக்காதீர்கள், அடுப்பில் போடாதீர்கள், வாசலுக்கு வரும் தரகரின் முதல் விலைக்கும் இணங்காதீர்கள். தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் பரிசோதனைக்கூடம் கொழும்பில் உள்ளது; அங்கே காட்டுங்கள். கல் தேடி அகழ்வதற்கு 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். அனுமதியின்றி ஓடைக்கரையைத் தோண்டினால் வழக்கு வரும். மழையில் கரையும் சரியும், நமக்குச் சோறு போடும் மேல்மண்ணும் போய்விடும்.