சட்டம் மட்டும் ஒரு மொழியை வாழவைக்குமா? கெல்ட்டிக் மொழிகள் புகட்டும் பாடம்

உலகில் அழியும் ஆபத்தை எதிர்நோக்கும் மொழிகள் பற்றிய விபரத் தொகுப்பை 2009 ஆம் ஆண்டு யுனெஸ்கோ வெளியிட்டபோது, மேன் தீவின் மாங்ஸ் மொழி அதில் 'அழிந்துவிட்ட மொழி' எனக் குறிக்கப்பட்டிருந்தது. இதையறிந்த அத்தீவின் பாடசாலைச் சிறுவர்கள் யுனெஸ்கோவுக்குக் கடிதங்கள் எழுதினர். அவற்றை அவர்கள் மாங்ஸ் மொழியிலேயே எழுதியிருந்தனர். எங்கள் மொழி அழிந்துவிட்டதென்றால் இக்கடிதம் எம்மொழியில் எழுதப்பட்டது என்பதே அவர்களது வினாவாக இருந்தது. இதனையடுத்து அம்மொழி, கடும் ஆபத்திலுள்ள மொழிகளின் வரிசைக்கு மாற்றப்பட்டது.

மாங்ஸ், கெல்ட்டிக் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரு காலத்தில் ஸ்பெயின் தொடக்கம் இன்றைய துருக்கியின் மத்திய பகுதி வரை பரவியிருந்த இக்குடும்பத்தில் இன்று ஆறு மொழிகளே எஞ்சியுள்ளன. ஐரிஷ், ஸ்கொட்டிஷ் கேலிக், மாங்ஸ் ஆகியன ஒரு கிளையையும், வெல்ஷ், கோர்னிஷ், பிரெட்டன் ஆகியன மற்றொரு கிளையையும் சேர்ந்தவை. பிரான்ஸின் வடமேற்கே பேசப்படும் பிரெட்டனைத் தவிர ஏனையவை ஆங்கிலத்தின் நிழலில் வாழ்பவை.

இம்மொழிகள் நலிவுற்றமைக்கு அரச அதிகாரம் முதற் காரணமாகும். வேல்ஸ் நாட்டை இங்கிலாந்துடன் இணைத்த 1536 ஆம் ஆண்டுச் சட்டம், ஆங்கிலத்தையே நீதிமன்ற மொழியாக்கியது. 19 ஆம் நூற்றாண்டில் அங்குள்ள பல பாடசாலைகளில், வெல்ஷ் பேசும் பிள்ளையின் கழுத்தில் மரத்துண்டு ஒன்று தொங்கவிடப்பட்டது. அடுத்து அம்மொழியைப் பேசும் பிள்ளைக்கு அது கைமாறும். இறுதியில் அதனை அணிந்திருக்கும் பிள்ளைக்குத் தண்டனை கிடைக்கும். அயர்லாந்திலோ 1845 இல் தொடங்கிய பெரும் பஞ்சம், ஐரிஷ் பேசிய ஏழை விவசாயிகளையே அதிகம் பலிகொண்டது. எஞ்சியோரில் பலரைக் கடல் கடந்து செல்லவும் வைத்தது. பிழைப்புக்கு ஆங்கிலமே வழி எனக் கருதிய பெற்றோர், தமது தாய்மொழியைப் பிள்ளைகளிடம் பேசுவதையே கைவிட்டனர். ஒரு மொழிக்கு நேரக்கூடிய மிகப் பெரிய இழப்பு இதுவேயாகும்.

1922 இல் சுதந்திர அரசாக மலர்ந்த அயர்லாந்து, ஐரிஷ் மொழியைப் பாடசாலைகளில் கட்டாய பாடமாக்கியது. 1937 ஆம் ஆண்டு அரசியலமைப்பு அதனை நாட்டின் முதலாவது உத்தியோகபூர்வ மொழியாகப் பிரகடனம் செய்தது. 2007 முதல் அது ஐரோப்பிய ஒன்றியத்தின் உத்தியோகபூர்வ மொழிகளில் ஒன்றாகவும் உள்ளது. இதற்கு மேல் ஒரு மொழிக்கு என்ன அந்தஸ்து வேண்டும்? எனினும் 2022 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் தமக்கு ஐரிஷ் பேசத் தெரியும் எனக் கூறிய சுமார் 18 இலட்சத்து 70 ஆயிரம் பேரில், பாடசாலைக்கு வெளியே நாளாந்தம் அதனைப் பேசுவோர் ஏறக்குறைய 72 ஆயிரம் பேர் மாத்திரமே. அரியாசனம் கிடைத்த மொழிக்கு அடுப்படியில் இடம் கிடைக்கவில்லை.

வேல்ஸின் கதை வேறு. அங்கு மொழியுரிமை மக்கள் போராட்டத்தின் வழியே வந்தது. எழுத்தாளர் சோண்டர்ஸ் லூயிஸ் 1962 இல் வானொலியில் ஆற்றிய உரை மொழி இயக்கமொன்று உருவாக வழிகோலியது. வெல்ஷ் தொலைக்காட்சி தொடர்பான வாக்குறுதியிலிருந்து அரசாங்கம் பின்வாங்கியபோது, சாகும் வரை உண்ணாவிரதம் இருக்கப் போவதாக 1980 இல் அரசியல் தலைவர் குவின்ஃபோர் எவன்ஸ் அறிவித்தார். அரசாங்கம் பணிந்தது, 1982 இல் வெல்ஷ் அலைவரிசை ஆரம்பமானது. ஆண்டுதோறும் நடைபெறும் 'ஐஸ்தெத்வொத்' எனும் கலை இலக்கியப் பெருவிழாவும், வெல்ஷ் வழிப் பாடசாலைகளும் மொழிக்கு அரணாக நிற்கின்றன.

ஆயினும் அங்கும் நிறைவு கொள்வதற்கில்லை. 2021 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி வெல்ஷ் பேசுவோர் சுமார் 5 இலட்சத்து 38 ஆயிரம் பேர், அதாவது 17.8 வீதத்தினர். 2011 இல் இது 19 வீதமாக இருந்தது. 2050 இல் பத்து இலட்சம் பேரை எட்டுவதே வேல்ஸ் அரசாங்கத்தின் இலக்காகும். வெளியூர்ச் செல்வந்தர்கள் விடுமுறை இல்லங்களை வாங்கிக் குவிப்பதால் கிராமங்களில் வீட்டு விலை ஏறுகின்றது. இளந் தம்பதியர் நகரங்களை நாடுகின்றனர். அவர்களோடு ஊரின் மொழியும் வெளியேறுகின்றது. இத்தகைய இரண்டாவது வீடுகள் மீது 300 வீதம் வரை மேலதிக வரி விதிக்கும் அதிகாரம் 2023 முதல் உள்ளூராட்சி மன்றங்களுக்கு வழங்கப்பட்டதன் பின்னணியில் இக்கவலையும் உண்டு.

பிரான்ஸில் நிலைமை மேலும் கடினமானது. குடியரசின் மொழி பிரெஞ்சே என அந்நாட்டு அரசியலமைப்பு கூறுகின்றது. 1977 இல் பெற்றோரின் முயற்சியால் தோன்றிய 'திவான்' பாடசாலைகள் பிரெட்டன் மொழியிலேயே கற்பிக்கின்றன. ஆனால் இவ்வாறு முழுமையாகப் பிராந்திய மொழியில் கற்பிப்பது அரசியலமைப்புக்கு முரணானது என 2021 இல் அரசியலமைப்புச் சபை தீர்ப்பளித்தது.

மீண்டும் மேன் தீவுக்கு வருவோம். மாங்ஸைத் தாய்மொழியாகப் பேசிய இறுதி மனிதரெனக் கருதப்படும் நெட் மட்ரெல் 1974 இல் காலமானார். ஆனால் அதற்கு முன்பே ஆர்வலர்கள் அவரையொத்த முதியோரைத் தேடிச் சென்று மொழியைக் கற்றனர்; அவர்களது பேச்சையும் ஒலிப்பதிவு செய்தனர். அந்த உழைப்பின் பயனாக 2001 இல் மாங்ஸ் மொழிமூல ஆரம்பப் பாடசாலை உருவானது. யுனெஸ்கோவுக்குக் கடிதம் எழுதிய சிறுவர்கள் அப்பாடசாலையின் மாணவர்களே.

இவ்வனுபவங்களைத் தொகுத்து நோக்கும்போது ஓர் உண்மை புலனாகின்றது. சட்டம் மொழிக்கு மரியாதையையும், பாடசாலை அறிவையும், தொலைக்காட்சி பொலிவையும் தரலாம். ஊரில் தொழிலும் வீடும் இருந்தால் பேசுவோர் அங்கேயே தங்குவர். ஆனால் இவை யாவும் கூடிவந்தாலும், தாய் தன் பிள்ளையை அழைக்கும் மொழி எதுவோ அதுவே அடுத்த தலைமுறையின் மொழியாகும். அரசாங்கங்கள் வகுக்கும் எந்த இலக்கும் இறுதியில் வீட்டு வாசலிலேயே தீர்மானிக்கப்படுகின்றது.